சாலா நதியின் எஸ்டிமேட்

லாவாஸ் துறைமுகத்தின் இரண்டாவது நதி 1911ஆம் ஆண்டு நகரசபை பட்ஜெட்டில் பிறந்தது. அங்கிருந்து நிலத்துக்கு வந்துசேர அதற்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. அதற்கு முன்னால் ஊரில் ஒரே நதிதான். மலைப்பக்கமிருந்து இறங்கி, சர்க்கரைக் கிடங்குகளைச் சுற்றிக்கொண்டு ஜாவாக் கடலில் விழும் அந்த நதிக்குத் தனிப்பெயர்கூடக் கிடையாது. காலி என்பார்கள், ஜாவாக்காரர் பேச்சில் காலி என்றால் நதி. இரண்டாவது நதியைப் பெற்றெடுத்தவர் விர்யோ என்ற மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. நல்ல மனிதர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட ஆசைதான். அந்த நதியின் நாற்றம் மூக்கில் இருக்கும்வரை எனக்கு அது வாயில் வராது.

நடந்தது இவ்வளவுதான். தூர்வாரும் வேலையைப் பார்த்த மேஸ்திரி பத்தாவியாக்காரன், எழுதுவது மலாய். அவன் ஊர் மலாயில் காலி என்றால் நதியும் உண்டு, தடவையும் உண்டு. 'காலி தூர்வாருதல், இரண்டு காலி' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினான். நதியை இரண்டு தடவை தூர்வார வேண்டும் என்பது பொருள். விர்யோவோ ஜாவாக்காரர். தடவை என்பதற்கு அவர் வீட்டில் பிங் என்பார்கள். காலி என்றால் அவர் காதில் தண்ணீர்தான் ஓடும். அன்றைக்கு நோன்பு மாதத்தின் இருபத்தோராம் நாள். இரண்டு மணிக்குள் பட்ஜெட் டச்சு மொழியில் தயாராக வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. 'நதிகள் தூர்வாருதல், எண்ணிக்கை இரண்டு' என்று எழுதிவிட்டார். செப்டம்பர் பதினெட்டாம் தேதி கூடிய சபை அந்தப் பக்கத்தை நான்கு நிமிடத்தில் நிறைவேற்றியது. சபையில் சர்க்கரை ஆலை ஏஜெண்டுகள் இருந்தார்கள், வங்கிக்காரர் இருந்தார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதற்கென்று ஒரு ஜாவாப் பிரபுவும் இருந்தார். பிறந்தது முதல் அந்த ஊரில் இருந்தவர்கள் மூன்று பேர். ஊரில் எத்தனை நதி என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதே அமர்வில், விர்யோ குடியிருந்த பெலிம்பிங் என்ற கம்போங்குக்கு, அதாவது ஜாவாக்காரர் குடியிருப்புக்கு, ஒரு சாக்கடை வேண்டும் என்ற மனுவை நிதி இல்லை என்று ஏழாவது முறையாகத் தள்ளினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பொதுப்பணிக்குப் புது இன்ஜினியராக ஹெஸ்ஸல் என்ற டச்சுக்காரர் வந்தார். எட்டு வருடம் சுமத்ராவில் ரோடு போட்டவர், மலாய் தண்ணீர்பட்ட பாடு. பட்ஜெட்டில் இரண்டு நதி, ஊரில் ஒரு நதி என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டு விர்யோவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விர்யோ மேஸ்திரியின் சீட்டைத் தலைப்பாகை மடிப்பில் செருகிக்கொண்டு போனார், தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பதாகத்தான் உத்தேசம். அந்த அலுவலகத்தில் ஜாவாக்காரர் யாரும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை; பாயில் சம்மணம் போட்டுத்தான் எழுதுவார்கள். ஹெஸ்ஸல் ஒரு நாற்காலியைக் காலால் நகர்த்திவிட்டார்.

"உக்காரு விர்யோ. இந்த ரெண்டாவது நதிக்குப் பேர் என்ன?"

"காலி... சாலா, துவான்," என்றார் விர்யோ. சாலா என்றால் மலாயில் தவறு. காலி என்ற சொல்லில் தவறு நடந்துவிட்டது ஐயா என்று சொல்ல ஆரம்பித்தவர் அந்த இரண்டு சொல்லோடு நின்றார்.

ஹெஸ்ஸல் பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார்: நதியின் பெயர், காலி சாலா. அகலம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பதினொரு மீட்டர் என்று தானே எழுதிக்கொண்டார். ஆழம் இரண்டு மீட்டர் நாற்பது. நீளம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். நாற்காலி நன்றாக இருக்கிறதா என்று கடைசியில் கேட்டபோது, நன்றாக இருக்கிறது துவான் என்று விர்யோ சொன்னார். அன்றே அந்த நாற்காலி அவருடைய மேசைக்குப் போனது. மாதம் ஐந்து கில்டர் நதிப்படியும் சேர்ந்தது. சீட்டு தலைப்பாகையிலேயே இருந்துவிட்டது.

வீட்டில் பதவி உயர்வு என்று சொன்னார். அவருடைய மனைவி சுமிராஹ் மஞ்சள் சோறு ஆக்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். கம்போங்கே வயிறாரச் சாப்பிட்டு அவரை வாழ்த்தியது. சுமிராஹ் தெம்பே போடுகிறவள். சோயாவை ஊறவைத்து, தோல் நீக்கி, வேகவைத்து, வாழையிலையில் பொதிந்து இரண்டு நாள் வைத்தால் அவள் கையில் அது வெள்ளை வெளேரென்று பூத்துக் கட்டியாகும். மலைமேல் துரைமார் வீட்டுச் சமையல்காரிகள்கூட இறங்கி வந்து வாங்கிப்போவார்கள். எல்லாம் கிணற்றுத் தண்ணீரின் குணம் என்பாள். அவர்கள் கொல்லையில் இருந்த அந்தக் கிணறு அவளுடைய அம்மா வழியில் வந்தது. கம்போங்கில் குடிக்கத் தகுந்த தண்ணீர் அது ஒன்றில்தான் இருந்தது.

அடுத்த ஆண்டுகளில் காலி சாலா நன்றாக வளர்ந்தது. ஆண்டுக்கு இரண்டு தடவை தூர்வாரப்பட்டது. 1912இல் அதன் கரையோரம் பன்னிரண்டு விளக்குக் கம்பங்கள் நடப்பட்டன, ஒரு பாலமும் கட்டப்பட்டது, எல்லாம் பக்கம் பக்கமாக, டச்சு மொழியில், விர்யோவின் அழகான கையெழுத்தில். இன்ஜினியர் வீட்டு முன்கூடத்துக்கு இத்தாலியச் சலவைக்கல் வந்தது. ஜாவாப் பிரபு இரட்டைக் குதிரை வண்டி வாங்கினார். தூர்வாரிய மண்ணைக் கொட்ட இடம் வாடகைக்கு எடுத்ததாகச் சொல்லி வங்கிக்காரரின் மைத்துனருக்கு ஒரு தொகை போனது. இல்லாத நதியின் இல்லாத சேற்றுக்கு வாடகை. அவர்கள் அதைத் தின்று ஏப்பம்விட்டுப் பல் குத்திக்கொண்டு மாதாகோயிலுக்கும் போனார்கள். பெலிம்பிங்கின் சாக்கடை மனுவை எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது முறையும் தள்ளினார்கள். அந்தத் தள்ளுபடி உத்தரவுகளை மலாயில் மொழிபெயர்த்து, தானே வீட்டுக்குப் போகும் வழியில் கம்போங் பெரியவரான ஜொயோவின் கையில் கொடுத்துவிட்டுப் போனவரும் விர்யோதான்.

1915 செப்டம்பர் பதினெட்டு, சனிக்கிழமை, நதி வந்தது. மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. காலை ஏழு மணிக்கு, அலுவலகம் திறக்கும் நேரத்தில், கம்போங்கின் நடுவே ஒரு கோடு ஈரமாக இருந்தது. ஒன்பது மணிக்குக் கணுக்கால் நனைந்தது. பிற்பகல் இரண்டுக்கு, குமாஸ்தாக்கள் மைக்கூட்டை மூடும்போது, பதினொரு மீட்டர் அகலத்தில் நதி கிடந்தது. ஒரு வீட்டையும் அது இடிக்கவில்லை, வீடுகள்தான் இரண்டு பக்கமும் விலகியிருந்தன. ஜொயோவின் வீடு இந்தக் கரையிலும் ஆட்டுக்கொட்டில் அந்தக் கரையிலும் இருந்தன. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள், இரண்டு மீட்டர் நாற்பது. நீளம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் மட்டுமே எழுதியிருந்ததால் நகரசபைக் கட்டடத்தின் பின்சுவரில் தொடங்கி, கடலுக்கு இருநூறு மீட்டர் முன்னால் அது நின்றுவிட்டது. எஸ்டிமேட்டில் தண்ணீருக்கு என்று ஒன்றும் ஒதுக்கவில்லை. ஆகவே ஊரிடம் எது மிச்சமிருந்ததோ அதுவே தண்ணீராக வந்தது: மலைமேல் வீடுகளின் கழிவறைக் குழம்பு, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, தோல் பதனிடும் கொட்டகையின் சாயம், கசாப்புத் தொட்டியின் இரத்தம். மேலே ஆடை கட்டிக் குமிழ்விட்டுக்கொண்டு அது அலுவலக நேரத்தில் மட்டும் மெல்ல நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ராணியின் பிறந்தநாளும் அதற்கு விடுமுறை. அந்த நாட்களில் கம்போங்கில் ஒருவரும் வாய் திறந்து பேசவில்லை, திறந்தால் உள்ளே போகும்.

மறுவாரம் நகரசபை ஆட்கள் வந்து கரையில் 'காலி சாலா' என்று பலகை நட்டார்கள். சேவகர்கள் அந்தப் பெயரை வாசித்துச் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் சுமிராஹ் இலையைப் பிரித்தபோது தெம்பே கறுத்து நூல்விட்டிருந்தது. கிணற்று நீரை முகர்ந்து பார்த்தாள். பானை பானையாக இறைத்துக் கொட்டினாள், சுண்ணாம்பு போட்டாள், புதுச் சோயா வாங்கி மறுபடி முயன்றாள். ஐந்தாவது முறையும் கறுத்தபிறகு எல்லாவற்றையும் நதியில் கவிழ்த்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குத்தான் விர்யோ தலைப்பாகையைக் கழற்றி, சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்துச் சொன்னார். சுமிராஹ் எழுத்தறியாதவள். ஆனாலும் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு நடந்தது பெரிசில்லங்க. நோன்பு, வெயில், யாருக்கும் கை தவறும். அந்தத் தப்பு மேலயே நாலு வருஷமா நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்களே, அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல."

"இப்ப சொன்னா வேலை போயிரும் சுமிராஹ்."

"போகட்டுமே. எனக்கு ஒரு வேலை இருந்துச்சு, அது போயிருச்சு. நான் செத்தா போயிட்டேன்?"

சொல்லிவிடுகிறேன் என்றார். சொல்லவில்லை. பெருநாள் போகட்டும் என்றார், மழைக்காலம் போகட்டும் என்றார். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. அந்த இரண்டு வருடத்தில் வயிற்றுப்போக்கில் கம்போங்கிலிருந்து நாற்பத்திரண்டு பாடைகள் போயின. சுமிராஹ் அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அவரோ தினமும் காலையில் மூக்கில் கிராம்பு எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, நதியை இன்னும் கொஞ்சம் தூர்வாரி எழுதிவிட்டு வந்தார். அவர்மேல் எனக்கு இரக்கம் வரும் நாளும் உண்டு, அந்தக் கிராம்பு எண்ணெய் ஞாபகம் வந்தால் போய்விடும்.

அதற்குள் கம்போங் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தது. 1916 செப்டம்பரில், அதே பதினெட்டாம் தேதி, விளக்குக் கம்பங்கள் வந்தன. பதினோரு கம்பங்கள் காலையிலேயே நின்றன. பன்னிரண்டாவது வரவேண்டிய இடத்தில் ஜொயோவின் ஆட்டுக்கொட்டில் இருந்தது. ஜொயோ கொட்டிலைப் பிரித்த அடுத்த மணி நேரத்தில் அதுவும் வந்து நின்றது. எண்ணெய் எழுதப்படாததால் எதிலும் வெளிச்சம் இல்லை. அன்றைக்கே பாலமும் வந்தது. ஹெஸ்ஸல் அதில் சிக்கனம் காட்டி ஒன்பது மீட்டர் என்று எழுதியிருந்தார். மிச்ச இரண்டு மீட்டரைத் தாண்டிக் குதிக்க வேண்டும். பட்ஜெட்டில் எழுதித் தின்றது எதுவாக இருந்தாலும் நான்கு ஆண்டு கழித்து எழுதியபடியே வரும், இடம் பொருந்தும்வரை காத்திருந்து வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருநாள் ஜொயோ வீடு தேடி வந்து விர்யோவிடம், பாக் என்று மரியாதை கூட்டி, தணிந்த குரலில் கேட்டார்:

"பாக் விர்யோ, உங்க புஸ்தகத்துல இன்னும் என்னென்ன இருக்கு, சொல்லிருங்க. எங்கெங்க நிக்கக் கூடாதுன்னாவது தெரிஞ்சுக்கறோம்."

1917ஆம் ஆண்டு பட்ஜெட்டில் இருந்தது கம்போங்கேதான். நதிக்கரையில் துரைமார் மாலை உலாவ ஒரு நடைபாதை வேண்டும் என்று சபை நினைத்தது. பெலிம்பிங்கின் அறுபத்து நான்கு வீடுகளும் நதிக்கரையில் அனுமதியில்லாமல் கட்டப்பட்டவை, ஏனென்றால் நதி 1911 முதல் பதிவில் இருக்கிறது. அவற்றை அகற்ற வேண்டியது. குடியிருப்போருக்கு மேற்கே உப்பங்கழிச் சதுப்பில் அறுபத்து நான்கு வீடுகள், வீட்டுக்கு மூன்று பேர், பன்னிரண்டு வயதுக்குக் கீழே கணக்கில் இல்லை. ஹெஸ்ஸல் கம்போங்குக்கு வந்து தலை எண்ணவில்லை. அறுபத்து நான்கு காலி மூன்று என்று மலாயில் குறித்துக் கொடுத்தார். காலி என்றால் இந்த முறை தடவைதான். விர்யோ அதைச் சரியாகப் பெருக்கி, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று சரியாக எழுதினார். உண்மையில் கம்போங்கில் பெரியவர்கள் இருநூற்று முப்பத்தொரு பேர்.

சபையில் பட்ஜெட்டை மலாயில் வாசித்துக் காட்ட வேண்டியது அவர் வேலை. செப்டம்பர் பதினெட்டாம் தேதி, அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அவர் வாசிப்பதை நிறுத்தினார். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். தலைப்பாகையிலிருந்து சீட்டை எடுத்து இரு கைகளாலும் நீட்டி, ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சொல்லைத் தான் தப்பாக எழுதியதாகவும், காலி சாலா என்று ஒரு நதி இல்லவே இல்லை என்றும், அந்த அறுபத்து நான்கு வீடுகளையும் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு ஹெஸ்ஸல் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே கேட்டார்:

"நதி இல்லன்னு சொல்ற. அப்ப இங்க நாறுறது எது விர்யோ?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஜாவாப் பிரபுவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. சபையின் முன் பொய் சொன்னதற்காக விர்யோவை வேலையிலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டு, அவர் பாதியில் விட்ட பக்கத்தை வேறொரு குமாஸ்தாவை வைத்து வாசிக்கச் செய்து நிறைவேற்றினார்கள். அதற்கும் நான்கு நிமிடம்தான் ஆயிற்று. வீட்டுக்கு வந்த விர்யோ நடந்ததைச் சொன்னபோது சுமிராஹ் எழுந்துபோய், இரண்டு வருடத்தில் முதல் முறையாக, கேட்காமலே அவருக்குக் காபி கலந்து கொண்டுவந்தாள். காபியிலும் அந்த வாடை இருந்தது. குடித்தார்.

போலீஸ் வந்து வீடுகளைப் பிரித்தது. ஆளுக்கொரு சீட்டைக் கையில் கொடுத்து, உங்கள் வீடுகள் சதுப்பில் ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்டன என்று சொல்லி அனுப்பினார்கள். சதுப்பில் நாணலும் கொசுவும் நான்கு எல்லைக் கற்களும்தான் இருந்தன. யாரும் ஆச்சரியப்படவில்லை. நான்கு ஆண்டுதானே என்றார் ஜொயோ. எல்லைக் கற்களுக்கு நடுவே நிபா ஓலையில் பரண் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எஸ்டிமேட்டைத் தன் கையால் எழுதிய விர்யோ, எந்த வீடு எங்கே வரும் என்று குச்சிகளை நட்டு வரைந்து காட்டினார். குச்சி நட்ட இடத்தில் யாரும் அடுப்பு வைக்கவில்லை. முதல் வருடம் அவருடன் யாரும் பேசவில்லை. இரண்டாம் வருடம் திட்டினார்கள், அது ஒரு மாதிரி சமாதானம். மூன்றாம் வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி கேட்டார்கள். இதற்கிடையில் சதுப்புக் காய்ச்சல் ஆட்களைப் பொறுக்கிக்கொண்டே இருந்தது. சிலர் உறவுக்காரர் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். சுமிராஹ் மழைநீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் தெம்பே போட்டுப் பார்த்தாள். சுமாராக வந்தது. விற்க முடியாது, தின்னலாம்.

1921இல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறு விடுமுறை, நாளைக்கு வரும் என்றார்கள். திங்கட்கிழமையும் வரவில்லை. அங்கே ஊருக்குள் நடைபாதை மட்டும் சொன்னபடி வந்துவிட்டது; நாற்றத்தைப் பார்த்தாற்போல் வரிசையாக பெஞ்சுகளும் வந்திருந்தன, உட்காரத்தான் ஆளில்லை. சதுப்பில் ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. சுமிராஹ்வுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பத் தொடங்கியது. அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் விர்யோவுக்கு ஆட்டுக்கொட்டில் பிரித்த கதை ஞாபகம் வந்தது. எழுந்துபோய்ப் பரண் பரணாக எண்ணினார். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர். இரண்டாம் முறை எண்ணினார். தன்னை மறந்துவிட்டோமோ என்று பார்த்தார், மறக்கவில்லை.

எழுதியது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, ஒருவர் அதிகம். ஒருவர் போனால் வீடுகள் வரும். காத்திருந்தால் யார் போவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்தச் சதுப்பில் அன்றைக்கு அவளைவிட மோசமாகக் கிடந்தவர் யாருமில்லை. காலை பதினொரு மணி, அலுவலகம் நடக்கும் நேரம். ஜொயோவைக் கூப்பிட்டு, சுமிராஹ்வுக்கு மணிக்கொரு தடவை கஞ்சித்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். எங்கே போகிறீர்கள் என்று ஜொயோ கேட்டதற்கு, ஒரு கணக்கைச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்றார். கையில் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்து, மேற்கு எல்லைக்கல்லைத் தாண்டி, மீன் பண்ணைக் கரைமேட்டில் ஏறினார். இரண்டாவது காலை மேட்டில் வைத்துத் திரும்பிப் பார்த்தபோது அறுபத்து நான்கு வீடுகளும் நின்றிருந்தன.

வீடுகள் எஸ்டிமேட்டில் இருந்தபடிதான் இருந்தன. மூங்கில் தட்டிச் சுவர், ஓலைக்கூரை, ஒரு கதவு. ஜன்னல் இல்லை, அந்தக் காசு யாருடைய சுருட்டாகவோ புகைந்துபோயிருந்தது. ஆனால் ஹெஸ்ஸல் வேறு ஏதோ ஊரின் எஸ்டிமேட்டைப் பார்த்து எழுதியபோது கவனக்குறைவாக அடித்துவிடாமல் விட்ட ஒரு வரியால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கிணறும், ஆண்டுக்கணக்காகக் கேட்டும் கிடைக்காத சாக்கடையும் சேர்ந்தே வந்திருந்தன. காய்ச்சலில் கிடந்த சுமிராஹ்வைச் சுற்றி நாலு சுவர் எழும்பியிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் நான்காம் நாள் அவளுக்கு நினைவு திரும்பியது. அதற்குள் விர்யோ ஒருமுறை எல்லைக்கல்லைத் தாண்டிக் காலை வைத்துப் பார்த்திருந்தார். வீடுகள் எல்லாம் ஒரு சாண் சேற்றுக்குள் இறங்கின, உள்ளேயிருந்து பிள்ளைகள் வீறிட்டார்கள். காலை எடுத்துக்கொண்டார்.

ஹெஸ்ஸல் அடுத்த வருடம் பதக்கம் வாங்கிக்கொண்டு ஹாலந்துக்குக் கப்பலேறினார். லாவாஸ் நகரசபையின் எல்லாப் பணிகளும் எழுதியபடி நிறைவேறிவிட்டதாக அவருடைய கடைசி அறிக்கை சொன்னது. அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் சுமிராஹ் கரைமேட்டுக்கு வந்தாள். வாழையிலைப் பொதியில் தெம்பே, வெள்ளை வெளேரென்று. விர்யோ ஒரு ஓலைச் சாய்ப்புக் கட்டியிருந்தார். சாப்பிட்டார். யாராவது ஒருத்தர் போனால் இடம் வரும், அப்போது உள்ளே வந்துவிடலாமே என்று அவள் கேட்டாள். அவர் விரல்விட்டுச் சொன்னார்: மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணுக்கு ஜனவரியில் பன்னிரண்டு முடிகிறது, ஜொயோவின் பேரனுக்கு மார்ச்சில், அதற்குப் பின்னால் இன்னும் இருபத்தாறு பிள்ளைகள் வரிசையில் இருக்கிறார்கள். இடம் வந்தால் அவர்களுக்குத்தான் சரியாக இருக்கும்.

சுமிராஹ் பிரித்த இலையை மடித்தாள்.

"உங்க கையில ஒரு கணக்காவது சரியா வந்துச்சே," என்றாள்.

ஜொயோ அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார், அவர் இடம் ஜனவரிப் பெண்ணுக்குப் போயிற்று. அதற்குப் பிறகும் ஒருவர் போவதும் ஒரு பிள்ளை வளர்வதும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. விர்யோ மேட்டிலேயே மீன் பண்ணைக்குக் காவலாக இருந்துகொண்டார். பிள்ளைகள் எழுத்துப் படிக்க எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் உட்காருவார்கள், இவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. தெம்பே கொண்டுவந்த அன்றைக்கு மேட்டிலிருந்து திரும்பிப் போன சுமிராஹ் வீட்டுக்குள் நுழைந்ததும், அரிவாளை எடுத்து மேற்குச் சுவரில், தான் அடுப்படியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும் உயரத்தில், அந்தச் சாய்ப்புத் தெரியும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டாள்.